கொலுசு கறுத்த அறை

எங்கள் படுக்கையறை ஏசிக்கு இரண்டு கோடைக்குள் இரண்டு முறை கேஸ் போட்டாகிவிட்டது. முதல் தடவை வந்த இளைஞர் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியாயிருச்சுங்க சார், வருஷம் ஒருக்கா போட்டுக்கிட்டா நல்லா ஓடும்" என்றார். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடச் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நானும் இயல்பாகவே பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த சித்திரையில் மறுபடியும் காற்று வந்தது, குளிர் வரவில்லை. மறுபடியும் கேஸ். மூன்றாவது முறை வேறொருவரைக் கூப்பிட்டோம். வயதானவர், எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குச் சைக்கிளில் வந்து ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

"கேஸு என்னங்க, ஓட ஓடத் தீர்ந்துபோற சாமானா? குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கறது. கொறஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார். நைட்ரஜனை அடைத்துவிட்டு, டம்ளரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தார். இன்டோர் யூனிட் காயிலின் ஓரத்தில், செம்புக் குழாய் வளைந்து திரும்பும் இடத்தில், குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது.

ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கையைத் துடைத்துக்கொண்டே டிரெஸ்ஸிங் டேபிளைப் பார்த்தார். அங்கே ஒரு தட்டில் என் மனைவியின் கொலுசு கிடந்தது. "இதைக் கால்ல போடறது இல்லீங்களா? பின்ன ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். அவர் வீட்டில் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கும் வேலை நடக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் என்று வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் ஏசி மெக்கானிக்குக்கும் வெள்ளியைப் பற்றி ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும். "வெள்ளியைக் கறுக்க வெக்கிற காத்து செம்பை விட்டுவெக்குமா?" என்றார். பிறகு பாத்ரூம் கதவைத் திறந்து, தரையிலிருந்த வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்துபோயிருந்தது.

கொலுசு கறுத்தால் நம் ஊரில் யாரும் ஆராய்வதில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் தேய்த்தால் வெளுத்துவிடும், அதோடு விஷயம் முடிந்தது. அந்தக் கறுப்பு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்ஃபைடு. கந்தகம் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் காற்றில் வருகிறது. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் தேங்கிய இடத்தைப் பஸ்ஸில் கடந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை; அழுகிய முட்டை வாடை. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதே அளவு வாயு, மாதக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால், செம்புக்கும் வெள்ளிக்கும் போதும்.

மெக்கானிக் கொலுசைப் பார்த்துச் சொன்னதைத்தான் கணினி மையங்கள் கொஞ்சம் செலவு செய்து செய்கின்றன. சர்வர்கள் இருக்கும் அறையில் செம்புத் தகடு ஒன்றும் வெள்ளித் தகடு ஒன்றும் ஒரு மாதம் தொங்கவிடுவார்கள். பிறகு அவற்றின் மேல் படிந்த படலத்தின் தடிமனை அளப்பார்கள். ஐஎஸ்ஏ 71.04 என்ற தரக்குறிப்பின்படி செம்பில் 30 நானோமீட்டருக்கும் வெள்ளியில் 20 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் அந்தக் காற்று மின்னணுக் கருவிகளுக்கு ஏற்றது. 30 நானோமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் கொலுசு அந்தக் கணக்கையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும்.

வாயு உள்ளே வந்த வழி எளிது. பாத்ரூம் தரை வடிகாலுக்கு அடியில் நஹானி டிராப் என்ற கிண்ணம் போன்ற அமைப்பு உண்டு. அதில் எப்போதும் இரண்டங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் செப்டிக் டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவு. புழங்காத பாத்ரூமில் கோடையில் சில வாரங்களில் அது வற்றிவிடும். எங்கள் வீட்டில் படுக்கையறை பாத்ரூமை யாரும் குளிக்கப் பயன்படுத்துவதில்லை. கொல்லைப்புறத்தில் குளித்தே பழகிவிட்டோம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் நாள் முழுக்க ஓடும். அது காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடுசெய்யும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருந்தது, கதவு மூடியிருந்தது, நஹானி திறந்திருந்தது.

ஆனாலும் தீர்ப்பை அதோடு எழுதிவிட எனக்குத் தயக்கம். செம்பை இன்னொரு வகையிலும் அறைக் காற்று அரிக்கும். புது பிளைவுட் அலமாரி, பெயிண்ட், பசை, சில தரை துடைக்கும் திரவங்கள் இவற்றிலிருந்து ஃபார்மிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் மிகச் சிறிய அளவில் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். காயிலின் மேல் எப்போதும் ஈரம். ஈரமும் ஆக்சிஜனும் இந்த அமிலமும் சேர்ந்தால் செம்புக்குள் கிளை பிரிந்து ஓடும் நுண்ணிய சுரங்கங்கள் உண்டாகும். குழாயை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எறும்புப் புற்றை நெடுக்காகப் பிளந்ததுபோல இருக்கும் என்பதால் அந்த அரிப்புக்கே எறும்புப் புற்று அரிப்பு என்று பெயர். ஃபார்மிக் அமிலத்தின் பெயரும் எறும்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். சில வகை எறும்பு கடித்தால் எரிவது அந்த அமிலத்தால். எங்கள் அறையில் புது அலமாரியும் இருந்தது. குற்றவாளி ஒருவரா இருவரா என்று காயிலை வெட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

எதுவானாலும் ஒன்று நிச்சயம். ஏசியின் நோய் அறைக் காற்றிலிருந்து வந்தது. அந்தக் காற்றைத்தான் நாங்களும் இரவெல்லாம் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம்.

ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வைத்தவர் நூற்பாலைக்காரர். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர் 1906-இல் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். பஞ்சாலையில் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். சேலம், நாமக்கல் பக்கம் மில் வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். காற்றுக்கு ஈரம் கொடுப்பது, அதைச் சுத்தம் செய்வது, புதுக்காற்றைக் கொண்டுவருவது எல்லாம் சேர்ந்ததைத்தான் கிரேமர் அப்படி அழைத்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1902-இல், வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காகக் கருவி வடிவமைத்ததும் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். காகிதம் ஈரத்தில் நீண்டு சுருங்கி நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. மனிதருக்குக் குளிரூட்டும் எண்ணம் பிறகு வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெயரிலிருந்த பல வேலைகளில் குளிர்ச்சியும் கொஞ்சம் ஈரம் நீக்குவதும் மட்டுமே மிஞ்சின. பழைய விண்டோ ஏசியில் 'வென்ட்' என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை இழுத்தால் வெளிக்காற்று சிறிது உள்ளே வரும். ஸ்பிளிட் ஏசியில் அதுவும் போயிற்று. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே போவது செம்புக் குழாயும் ஒயரும் தண்ணீர்க் குழாயும்தான். வெளிக்காற்று வரும் வழியே இல்லை. வெளிப் பெட்டியிலிருந்து காற்று உள்ளே வருகிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள்; நானும் நம்பியவன்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். உள்ளே சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு 12 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுவார். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் மொத்தம் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 425 பங்கு. அறை முழுக்க அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 900 பங்கு கூடும். நம் கதவிடுக்குகளின் புண்ணியத்தில் அவ்வளவு ஏறாது. மணிக்கு அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு இடுக்கு வழியாக மாறுகிறது என்று வைத்தாலும், விடியற்காலையில் 3,000 பங்கை நெருங்கிவிடும். மூச்சில் வெளியே வரும் காற்றில் அந்த வாயு சுமார் 40,000 பங்கு. வகுத்துப் பார்த்தால், விடிகாலையில் நாம் இழுக்கும் பதினைந்து மூச்சில் ஒன்று, அறையிலிருக்கும் யாரோ ஏற்கெனவே விட்டது. பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம்.

3,000 பங்கு விஷமல்ல. எழுந்ததும் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும், தூங்கியும் தூங்காததுபோல் இருக்கும், அவ்வளவுதான். அறைக்கு 1,000 பங்கு என்ற எல்லையை 1858-இலேயே சொன்னவர் மியூனிக்கைச் சேர்ந்த மாக்ஸ் ஃபோன் பெட்டன்கோஃபர். அந்த வாயுவைப் பார்த்து அவர் பயப்படவில்லை. அதை ஓர் அளவுகோலாகத்தான் எடுத்துக்கொண்டார்: மூச்சுக்காற்று தேங்கினால் மற்றதும் தேங்குகிறது என்று பொருள். இதே மனிதர் காலரா கிருமியால் மட்டும் காலரா வராது என்று வாதிட்டு, 1892-இல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைக் குடித்துக் காட்டியவர். காலரா விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. காற்று விஷயத்தில் அவர் எண் இன்றும் பொறியாளர்களின் பேச்சில் அடிபடுகிறது.

அந்த 'மற்றது' என்ன என்பதில்தான் நம் வீடுகளின் விசேஷம் இருக்கிறது. முதலிடம் கொசுவர்த்திச் சுருளுக்கு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என்று அளந்து சொன்னது. ஜன்னல் திறந்த ஓட்டு வீட்டில் சுருளை ஏற்றுவது வேறு. ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றுவது வேறு. அடுத்தது சாம்பிராணி. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுத் தணலில் தூபம் காட்டும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தணல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாடையே கிடையாது. அந்தத் தட்டை ஏசி ஓடும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

ஏசியின் ஃபில்டர் இதையெல்லாம் பிடித்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது வெறும் வலை. தலைமுடி, பஞ்சு, ரோட்டுப் புழுதி நிற்கும். 2.5 மைக்ரானுக்குக் கீழான துகளுக்கு அந்த வலையின் கண் ஊர்வாசல் அளவு. உண்மையில் அந்த ஃபில்டர் காயிலைக் காப்பதற்கு. நம்மைக் காப்பதற்கு இல்லை. அதையும் கழுவாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பாதி வீடுகளில் பார்க்கலாம். புழுதி அடைத்துக் காற்றோட்டம் குறைகிறது. காயிலுக்கு வெப்பம் வந்து சேராததால் அது உறைநிலைக்குக் கீழே போகிறது. மேலே பனி கட்டுகிறது. ஏசியை நிறுத்தியதும் பனி உருகி, வடிகால் தட்டு கொள்ளாமல் சுவர் வழியாகக் கட்டில்மேல் சொட்டுகிறது. உடனே "கேஸ் போடணும்" என்று ஒருவர் வருகிறார். கேஸ் குறைந்தாலும் இப்படிப் பனி கட்டும் என்பது உண்மை. அதனால்தான் முதலில் ஃபில்டரைக் கழுவிப் பார்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, குழாயடியில், சோப்புகூட வேண்டாம்.

போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது என்பது இன்னொரு புகார். நனைந்த காயில், அதன்மேல் ஒட்டிய புழுதி, இருட்டு: பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காலையில் நிறுத்துவதற்கு முன் இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். சின்ன அறைக்கு இரண்டு டன் வாங்கி மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும். டன் என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு நாளில் ஒரு டன் ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பத்தின் அளவு, சுமார் 3.5 கிலோவாட். பெரிய ஏசி அறையை ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஐப்பசி மழையில் அந்த அறை குளிர்ந்தும் நசநசவென்று இருக்கும்.

கசியும் கேஸ் ஆளைக் கொல்லுமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். எங்கள் ஏசியில் இருந்தது ஆர்-32, சுமார் ஒரு கிலோ. முழுவதும் ஒரே நேரத்தில் கசிந்தாலும் 470 லிட்டர். அறைக் காற்றில் 1.4 சதவீதம். அது தீப்பற்ற 14 சதவீதத்துக்கு மேல் வேண்டும். மூச்சடைக்கவும் அந்த அளவு போதாது. ஆனால் நெருப்பில் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற கொடிய அமில ஆவியாகும். கசியும் ஏசிக்குக் கீழே விளக்கேற்றக் கூடாது. வானத்துக்குப் போன பிறகு அந்த ஒரு கிலோ, 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓட்டையை அடைக்காமல் இரண்டு முறை கேஸ் போட்டதன் பொருள் அது. காசு கொடுத்துச் செய்திருக்கிறேன்.

மணிப்பிளான்டும் பாம்புக்கற்றாழையும் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு மூலம் 1989-இல் நாசா அடைபட்ட சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019-இல் அந்த வகை ஆய்வுகளையெல்லாம் திரட்டி மறுகணக்குப் போட்டபோது, இடுக்கு வழியாக வரும் காற்றுக்கு ஈடுகட்டவே சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று வந்தது. செடி அழகுக்கு இருக்கட்டும்.

செய்ய வேண்டியது ஜன்னலைத் திறப்பதுதான். குளிர் போய்விடும், கரண்ட் பில் ஏறும் என்றுதான் யாரும் திறப்பதில்லை. அதையும் கணக்கில் பார்ப்போம். அறைக் காற்றின் மொத்த எடை 39 கிலோ. அத்தனையும் மாறி 35 டிகிரி வெளிக்காற்று வந்தாலும், அதை 25-க்குக் கொண்டுவந்து ஈரத்தையும் நீக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. குளிர் பெரும்பாலும் சுவரிலும் கட்டிலிலும் மெத்தையிலும் இருக்கிறது. பத்து நிமிடத்தில் அது எங்கும் போய்விடாது. அந்த அதிகப்படியைக்கூட ஈடுகட்டலாம். 2020-இலிருந்து புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்கும். அதை 18-க்கு இறக்காமல் 26-க்கு ஏற்றி, மேலே ஃபேனைப் போட்டால் போதும்.

எப்போது திறப்பது என்பதில் எங்கள் ஊருக்கு ஓர் அனுகூலம் உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில் சேலம் 42 டிகிரியைத் தொட்ட நாட்களிலும், பின்னிரவில் ஏற்காடு மலைச்சரிவின் காற்று குளிர்ந்து, கனத்து, அடிவாரத்துக்கு மெதுவாக இறங்கியது. நாலு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டு, கொசுவலை அடித்த ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்தால் ஒரு காசு செலவில்லாமல் அறைக் காற்று மாறிவிடும். மாசி, பங்குனியில் மலையில் தீப்பிடிக்கும் இரவுகளில் மட்டும் இதையே செய்யக் கூடாது; அதே சரிவில் புகையும் இறங்கும். சோனா கல்லூரி வளாகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்புக் கருவி இருக்கிறது. அதன் எண்ணைக் கைபேசியில் பார்க்கிறேன். அது நகரத்தின் அந்தப் பக்கத்துக் காற்றைச் சொல்லும். மலையடிவாரத்துப் புகைக்கு இன்னும் மூக்குதான்.

இப்போது வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அந்த பாத்ரூம் வடிகாலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். புதுக் காயில் மாட்டியாகிவிட்டது. கொலுசை என் மனைவி தேய்த்து வெளுக்க வைத்து, நான் கேட்டுக்கொண்டதால் ஒன்றை அதே தட்டிலும், அதன் ஜோடியைக் கூடத்தில் பூஜை அலமாரிக்கு வெளியேயும் வைத்திருக்கிறார். விசேஷத்துக்கு வேறு கொலுசு போட்டுக்கொண்டு போவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வெள்ளி நேரே கறுப்பதில்லை. படலம் மெலிதாக இருக்கும்போது, அதன் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி, முதலில் மஞ்சள் காட்டும். பிறகு செம்மை, நீலம், கடைசியில்தான் கறுப்பு. மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். கூடத்துக் கொலுசு வெள்ளையாக இருக்கிறது. அறைக் கொலுசில், அலமாரிப் பக்கம் திரும்பியிருக்கும் சலங்கைகளில், லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது.